ஐந்து சுரத்தில் ஒரு மழைப் பாட்டு
எட்டயபுரத்தில் கண்மூடிய முத்துசாமி தீட்சிதரின் கதை

வானத்தில் ஒரு துண்டு மேகம் கூட இல்லை. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். பருத்திச் செடி வெறும் குச்சியாக நிற்கிறது. கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு காத வழி நடக்கிறார்கள்.

அந்தக் காட்டு வழியே எட்டயபுரத்தை நோக்கி ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். சொத்து என்று அவரிடம் இருந்தது ஒரு வீணைதான். ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தார். மனம் பொறுக்கவில்லை. அங்கேயே நின்று, அம்பிகையை நினைத்து ஒரு பாட்டுப் பாடினார்.

பாட்டு முடிவதற்குள் மேகம் திரண்டது. மழை கொட்டியது! கொட்டிய மழையில் ஊரே முழுகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. போதும் என்று அவரே மறுபடி வேண்டிக்கொண்ட பிறகுதான் மழை நின்றதாம்.

இந்தக் கதை சங்கீதக்காரர்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தப் பெரியவர்தான் முத்துசாமி தீட்சிதர். தியாகராஜ சுவாமிகள், சியாமா சாஸ்திரிகள், தீட்சிதர் என்று சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர்.

மழை வந்ததா, வரவில்லையா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் பாட்டு இருக்கிறது. இன்றைக்கும் பாடுகிறார்கள்.

எவ்வளவு சின்னப் பாட்டு!

சங்கீதத்தில் சுரம் ஏழு: ஸ, ரி, க, ம, ப, த, நி. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழைப் பாட்டின் ராகம் அமிர்தவர்ஷிணி. அமுதத்தைப் பொழிவது என்று அர்த்தம். இந்த ராகத்தில் ஏழு சுரமும் கிடையாது. ரியும் இல்லை, தவும் இல்லை. ஐந்தே சுரம்!

பாட்டும் சிறியது. சாதாரணமாக ஒரு கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதி உண்டு. வாசல், கூடம், சமையல் உள் என்று மூன்று கட்டு வீடு போல. மழைப் பாட்டில் நடுக்கட்டு கிடையாது. பல்லவியைத் தாண்டினால் நேரே சரணம். இதற்குச் 'சமஷ்டி சரணம்' என்று பெயர். தீட்சிதர் இப்படிப் பல பாட்டுகள் செய்திருக்கிறார்.

அந்தச் சரணத்தின் கடைசியில், பொழியச் சொல்லும் ஒரே வார்த்தை அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. தாகத்தில் தவிக்கும் பிள்ளை அம்மாவிடம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர் என்று கேட்பது போல. அவ்வளவுதான். பாட்டு முடிந்துவிட்டது.

இந்த ஐந்து சுரத்தின் மவுசு இன்னும் குறையவில்லை. 1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா இதே ராகத்தில் ஒரு பாட்டு அமைத்தார். ராகத்தின் பெயரே தெரியாமல் அதை முணுமுணுத்தவர்கள் லட்சக் கணக்கில் இருப்பார்கள்.

தகப்பனார் கொடுத்த ஐந்து

ஐந்து சுரத்தைக் கொண்டு கோட்டை கட்டும் வித்தை தீட்சிதருக்கு வீட்டிலேயே கிடைத்தது. அவருடைய தகப்பனார் ராமசாமி தீட்சிதர் பெரிய வித்துவான். அம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவர்தான். அதற்கும் ஐந்தே சுரம். கச்சேரிகளில் பிள்ளையாருக்கு முதலில் பாடும் 'வாதாபி கணபதிம்' அந்த ராகம்தான். தகப்பனார் செய்து வைத்த ராகத்துக்கு மகன் செய்த பாட்டு!

முத்துசாமி பிறந்தது திருவாரூரில். மன்மத வருஷம், பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம். இங்கிலீஷ் கணக்குக்கு 1775 என்று சிலர் எழுதுவார்கள், 1776 என்று சிலர் எழுதுவார்கள். தியாகராஜரும் சியாமா சாஸ்திரியும் பிறந்ததும் அதே திருவாரூர்தான். ஒரே ஊரில், பதினைந்து வருஷத்துக்குள் மூன்று பேர்!

முத்துசாமிக்குச் சின்னசாமி, பாலுசாமி என்று இரண்டு தம்பிகள். பாலாம்பாள் என்று ஒரு தங்கை. சென்னைக்கு அருகே மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற பிரபு இருந்தார். அவர் ஆதரவில் குடும்பம் மணலிக்குக் குடிவந்தது.

அது கும்பெனிக்காரர்கள் காலம். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் முழங்கும். சகோதரர்கள் அதைக் கேட்கப் போவார்கள். சின்னவர் பாலுசாமிக்கு அங்கே வாசித்த பிடில் மேல் ஆசை விழுந்தது. ஒரு வெள்ளைக்காரரிடமே அதைக் கற்றுக்கொண்டு, நம்முடைய ராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். இன்றைக்குப் பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரி உண்டா? அதைத் தொடங்கி வைத்தவர்களில் முதல் ஆள் பாலுசாமிதான்.

அண்ணன் வேறொரு காரியம் செய்தார். வெள்ளைக்காரர் வாசித்த சின்னச் சின்ன மெட்டுகளை எடுத்து, சமஸ்கிருதத்தில் சுவாமி பெயர்களை வைத்துப் பாட்டாக்கினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டுக்குக் கூட அம்பாள் மேல் ஒரு பாட்டு இருக்கிறது! ராஜாவுக்காகப் போட்ட மெட்டை அம்பாளுக்குத் திருப்பிவிட்டார். இப்படி நாற்பதை ஒட்டிய பாட்டுகள். 'நோட்டு சுரம்' என்று இவற்றுக்குப் பெயர். இவற்றில் குழைவும் கிடையாது, கமகமும் கிடையாது. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கங்கையும் கற்கண்டும்

ஒரு நாள் சிதம்பரநாத யோகி என்ற துறவி வீட்டுக்கு வந்தார். முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்பும்படி தகப்பனாரிடம் கேட்டார். பெற்ற மனம் சம்மதிக்குமா? ஆனாலும் அனுப்பி வைத்தார்.

காசியில் முத்துசாமி சில வருஷங்கள் யோகியோடு இருந்தார். வட நாட்டுச் சங்கீதத்தை அங்கேதான் கேட்டார். அங்கே கேட்ட நிதான நடைதான் பின்னால் அவருடைய பாட்டுகளில் இறங்கியது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பிரியும் வேளை வந்தது. கங்கையில் இறங்கச் சொன்னாராம் யோகி. முத்துசாமி இறங்கிக் கையை விட்டார். கையில் ஒரு வீணை வந்தது என்கிறது கதை. அன்று முதல் கடைசி வரை அவரைப் பிரியாத துணை அந்த வீணை.

ஊர் திரும்பியதும் திருத்தணிக்குப் போனார். அங்கே ஒரு கிழவர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தாராம். அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே முதல் பாட்டு பிறந்தது. வந்தவர் முருகன் என்று தீட்சிதர் நம்பினார். அதனால்தான் தம்முடைய பாட்டுகளில் 'குருகுஹ' என்று முருகன் பெயரைக் கையெழுத்தாக வைத்தார்.

அவர் பெயரில் வழங்கும் பாட்டுகள் 400-க்கு மேல் இருக்கின்றன. கோவில் கோவிலாகப் போய், அந்தந்தத் தெய்வத்தின் முன் நின்று பாடியவைதான் அதிகம்.

தேங்காய் போன்ற பாட்டு

தியாகராஜர் பாட்டு திராட்சை, வாயில் போட்ட உடனே இனிக்கும். சியாமா சாஸ்திரி பாட்டு வாழைப்பழம், தோலை உரிக்க வேண்டும். தீட்சிதர் பாட்டு தேங்காய், மட்டையை உரித்து ஓட்டை உடைத்தால்தான் உள்ளே தண்ணீரும் பருப்பும். இப்படி ஒரு பேச்சு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

தியாகராஜர் ஒரே வரியைப் பல விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடும்படி சங்கதிகளை வளர்த்தார். கேட்பவர்களுக்கு அது பெரிய விருந்து. தீட்சிதர் அந்த வழியில் அதிகமாகப் போகவில்லை. ஒரு வரி, அதற்கு ஒரு நடை, அந்த நடையில் ராகத்தின் முழு உருவம். யானை நடப்பது போல நிதானமாக நகரும். அவசரக்காரர்களுக்கு முதலில் பிடிக்காது. நாலு தடவை கேட்டவர்கள் விடமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுரத்திலும் அமைப்பிலும் இவ்வளவு சிக்கனம் பிடித்தவர், வார்த்தையில் பிடிக்கவில்லை. நீள நீளமான சமஸ்கிருதத் தொடர்கள். அர்த்தம் தெரியாமல் பாடுகிறவர்களே அதிகம். தேங்காய் ஓடு என்பது இதுதான்.

சுரத்தைக் குறைத்து, அமைப்பைக் குறைத்துச் சங்கீதம் செய்வது இப்போது மேல்நாட்டிலும் ஒரு பெரிய வழியாக இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் டெரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் போன்றவர்கள் நாலைந்து சுரங்களையே திரும்பத் திரும்ப வைத்து நீண்ட இசையை அமைத்தார்கள். இதில் ருசியான விஷயம் ஒன்று உண்டு. பிலிப் கிளாஸ் தாளக் கணக்கை விளங்கிக்கொண்டது நம் நாட்டு ரவிசங்கரிடம், பாரிஸ் நகரத்தில். டெரி ரைலி நம் நாட்டுப் பண்டிட் பிரான்நாத்திடம் சீடராக இருந்து பாடக் கற்றார்.

அமெரிக்கா வரை போவானேன்? எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் விளாத்திகுளம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த விளாத்திகுளம் சுவாமிகள் பாட்டையே விட்டுவிட்டார். வெறும் ராகத்தை மட்டும் மணிக்கணக்காகப் பாடுவார். கேட்டவர்கள் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்களாம்!

அரிசிப் பானையும் தங்க நகையும்

தீட்சிதர் எந்த அரண்மனையிலும் சம்பளத்துக்கு உட்காரவில்லை. மனிதரைப் புகழ்ந்து பாடிப் பணம் வாங்குவதில்லை என்பது அவர் வைராக்கியம். வைராக்கியம் நல்லதுதான். வீட்டில் உலை வைக்க வேண்டாமா?

திருவாரூரில் ஒரு நாள் வீட்டில் அரிசி இல்லை. அவருடைய சிஷ்யை கமலம் என்ற நாட்டியக்காரிக்கு இது தெரிந்தது. தன் கை வளையலை அடகு வைத்துச் சாமான் வாங்கி வருவதாகச் சொன்னாள். தீட்சிதர் வேண்டாம் என்று தடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போனார். தியாகராஜப் பெருமான் முன்னால் நின்று பாடினார். அன்றைக்கு ஓர் அதிகாரி வருவதாக இருந்து, அவருக்காக அரிசி, பருப்பு எல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். அதிகாரி வரவில்லை. சாமான்கள் தீட்சிதர் வீட்டு வாசலில் வந்து இறங்கினவாம்.

நகைக் கதையும் உண்டு. மனைவிக்குத் தங்க நகை போட்டுக்கொள்ள ஆசை. எந்தப் பெண்ணுக்கு இருக்காது? தஞ்சாவூர் ராஜாவைப் பார்த்தால் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். தீட்சிதர் ராஜாவைப் பார்க்கப் போகவில்லை. லலிதா ராகத்தில் மகாலட்சுமியைப் பாடினார். அன்று இரவு மனைவியின் கனவில் லட்சுமி வந்தாள். உடம்பெல்லாம் தங்கம்! கண் விழித்த அம்மாளுக்கு நகை ஆசை போய்விட்டது என்று கதை முடிகிறது. ஆசை நிஜமாகப் போயிற்றா, கணவருக்காகப் போனதாகச் சொன்னாரா என்பது அந்த அம்மாளுக்குத்தான் வெளிச்சம்.

கமலம் மட்டுமல்ல, தஞ்சை நால்வர் என்று பெயர் பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களும் அவருடைய சிஷ்யர்கள்தான். இன்றைக்கு மேடையில் ஆடும் பரத நாட்டியத்துக்கு வரிசை வகுத்துக் கொடுத்தவர்கள் இந்த நால்வர். தீட்சிதருக்கு அரண்மனை கிடையாது, ஆனால் அரண்மனை வித்துவான்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள்.

தம்பியைத் தேடி

வயது ஏறிற்று. தகப்பனாரும் தாயாரும் காலமாகிவிட்டார்கள். தம்பிகள் இருவரும் பிழைப்புத் தேடி மதுரைப் பக்கம் போனவர்கள். அவர்களைத் தேடி அண்ணன் புறப்பட்டார். மதுரைக்கு வந்து சேர்ந்தவருக்குக் கிடைத்த சேதி, நடுத் தம்பி சின்னசாமி இறந்துவிட்டார் என்பது. மிஞ்சியவர் பாலுசாமி. அவர் தெற்கே எட்டயபுரத்தில் சமஸ்தான வித்துவானாக இருந்தார்.

எட்டயபுரம் கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ்ஸில் போனால் அரை மணி தூரம். அந்தக் காலத்தில் அது ஒரு பாளையம். மழையை நம்பிய பூமி. ஆனால் அரண்மனை சங்கீதத்துக்கும் தமிழுக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தது. பின்னால் 1882-ல் மகாகவி பாரதி பிறந்ததும் இந்த ஊரில்தான்.

ஒரு தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தோடு, மற்றொரு தம்பியைப் பார்க்கப் போன பயணம் அது. அந்த வழியில்தான் மழைப் பாட்டு பிறந்தது என்று சொல்கிறார்கள்.

தீபாவளி நாள்

1835-ஆம் வருஷம், அக்டோபர் 21. நரக சதுர்த்தசி. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அரண்மனையின் பட்டத்து யானை கட்டை அறுத்துக்கொண்டு ஓடிச் சுடுகாட்டில் போய் நின்றதாம். ராஜாவுக்குக் கலக்கம். நாட்டுக்கு என்ன கெடுதல் வருமோ என்று தீட்சிதரிடம் ஓடி வந்தார். நாட்டுக்கும் ராஜாவுக்கும் ஒரு குறையும் வராது என்று தீட்சிதர் தைரியம் சொல்லி அனுப்பினார்.

பிறகு சிஷ்யர்களை உட்கார வைத்து, மதுரை மீனாட்சியின் மேல் தாம் செய்த ஒரு பாட்டைப் பாடச் சொன்னார். பந்தத்தை அறுப்பவளே என்று அம்பாளைக் கூப்பிடும் இடம் வந்தது. அந்த இடத்தையே திரும்பப் பாடச் சொன்னார். அவர்கள் பாடப் பாட, கண் மூடினார்.

தம்பி பக்கத்தில் இருந்தார். அறுபது வயதை ஒட்டிய வாழ்க்கை அத்துடன் முடிந்தது. எட்டயபுரத்திலேயே அவருக்குச் சமாதி எழுந்தது.

பேரன் எழுதிய புத்தகம்

இனித்தான் முக்கியமான சங்கதி. தீட்சிதருக்கு ஆண் வாரிசு இல்லை. பாட்டுகள் சிஷ்யர்களின் தொண்டையிலும் தம்பி பாலுசாமியின் வீட்டிலும் மட்டும் இருந்தன. தொண்டை போனால் பாட்டும் போய்விடுமே!

பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை சுப்பராம தீட்சிதர். 1839-ல் பிறந்தவர். எட்டயபுரத்தில் வளர்ந்து, சமஸ்தான வித்துவான் ஆனார். குடும்பத்துப் பாட்டு முழுவதும் அவர் மனசில் இருந்தது.

சென்னையில் சின்னசாமி முதலியார் என்று ஒருவர் இருந்தார். சர்க்கார் உத்தியோகஸ்தர். மதத்தால் கிறிஸ்தவர். நம்முடைய கீர்த்தனைகள் அழிந்துபோகக் கூடாதே என்று அவருக்கு ராப்பகலாகக் கவலை. 1890-களில் அவற்றை மேல்நாட்டுச் சுரக்குறிப்பில் அச்சிட்டுப் பார்த்தவர் அவர். தீட்சிதர் பாட்டுகள் எட்டயபுரத்தில் இருக்கின்றன என்று தெரிந்ததும் விடவில்லை. சுப்பராம தீட்சிதரோ தயங்கினார். வீட்டுச் சொத்தை வீதியில் வைக்க யாருக்குத்தான் உடனே மனம் வரும்? முதலியார் எட்டயபுரம் ராஜாவிடம் போய்ச் சொன்னார். ராஜா கேட்டுக்கொண்ட பிறகு வித்துவான் பேனாவை எடுத்தார்.

1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. சுமார் 1,700 பக்கம்! அச்சிட்டது எங்கே? எட்டயபுரத்திலேயே, வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில். எழுத்து தெலுங்கு. முத்துசாமி தீட்சிதரின் 229 பாட்டுகள், ஒவ்வொரு சுரமும் எங்கே அசைய வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்ற அடையாளத்துடன் அதில் இருக்கின்றன. இரண்டு வருஷம் கழித்து, 1906-ல், சுப்பராம தீட்சிதர் காலமானார். இரண்டு வருஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

அவருடைய மகன் அம்பி தீட்சிதர் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். டி. எல். வெங்கட்ராம ஐயர், டி. கே. பட்டம்மாள் போன்றவர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பட்டம்மாள் பாடிப் பாடி, தீட்சிதர் பாட்டு ரேடியோ வைத்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அந்தப் பெரிய புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது.

ஒரு வேடிக்கை. அந்த 229 பாட்டுகளில் மழைப் பாட்டு இல்லை! எட்டயபுரத்து வீட்டிலேயே எழுதிய புத்தகத்தில், எட்டயபுரத்து வழியில் பிறந்ததாகச் சொல்லும் பாட்டு இல்லை. அது பிற்பாடு வேறு பதிப்புகளில் வந்து சேர்ந்தது. அதனால் இது தீட்சிதர் செய்ததுதானா என்று கேட்கும் ஆராய்ச்சிக்காரர்களும் இருக்கிறார்கள். கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இந்த விவகாரமெல்லாம் கிடையாது. மழை கேட்டு ஒருவர் பாடினார், அதுவும் நம் ஊருக்கு வரும் வழியில் பாடினார் என்றால் அவருக்குப் போதும்.

தீட்சிதர் மறைந்த தீபாவளி, கரிசல் சீமைக்கு மழைக்காலம். புரட்டாசி, ஐப்பசியில்தான் இங்கே விதைப்பு. அந்த நாளில் எட்டயபுரத்தில் அவருடைய நினைவிடத்தில் வீணையும் பிடிலும் வைத்து அவர் பாட்டுகளைப் பாடுகிறார்கள். ஊரைத் தாண்டினால் காடு. மழை பெய்த வருஷமாக இருந்தால், கறுப்பு மண்ணில் அப்போதுதான் முளை விட்டிருக்கும்.